மோரில் கலந்தது

என் தங்கை எங்கள் வீட்டில் எல்லோரையும்விட அதிகமாகச் சாப்பிட்டாள், எல்லோரையும்விட மெலிந்துகொண்டும் போனாள். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது, எனக்கு இருபத்து நான்கு. எண்பதுகளின் தொடக்கம். செகந்திராபாத் பக்கம் மல்காஜ்கிரியில் ஒரு வீட்டின் பின்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். கல்யாணமான புதிதில் பொன்மலையிலிருந்து மாற்றலாகி வந்தவர், அப்படியே தங்கிவிட்டார். நாங்கள் இருவரும் இங்கேதான் பிறந்தோம். வீட்டில் திருச்சித் தமிழ் பேசினாலும் தங்கைக்குக் கோபம் வந்தால் வாயில் முதலில் வருவது "வேண்டாம்" இல்லை, இந்த ஊர் உருது "நக்கோ"தான்.

காலையில் ஆறு இட்லி, பதினொரு மணிக்கு மறுபடி பசி, மதியம் அப்பா சாப்பிடும் அளவுக்குச் சோறு. சாயங்காலம் நான் வேலையிலிருந்து வரும்போது சமையலறையில் ஏதாவது ஒரு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பாள். கைகள் குச்சி, வயிறு மட்டும் உப்பி முன்னால் நிற்கும். ரவிக்கையைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தபோது டெய்லர் தன் அளவு நோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அம்மாவிடம் தெலுங்கில் கேட்டார்: "அம்மா, அன்னிக்கு வந்தது இந்தப் பொண்ணுதானா?"

ஒருநாள் அவளே என்னிடம் சொன்னாள்.

"அக்கா, சாப்பிடும்போது ருசி தெரியுது. முழுங்கினதும் உள்ள இருந்து வேற யாரோ வாங்கிக்கிறாங்க."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகள் மிக மோசம். காலையில் வெறும் வயிற்றோடு மாதா கோவிலுக்குப் பூசைக்குப் போவோம். பூசையில் நன்மை வாங்குவோம், நாக்கில் வைத்ததும் கரையும் அந்த மெல்லிய கோதுமை அப்பம். வெளியே வந்ததும் கோவிலுக்கு எதிர்த்தாற்போல் இருந்த பேக்கரியில் அப்பா சூடாக ஒரு ரொட்டியும் உஸ்மானியா பிஸ்கட்டும் வாங்குவார். வாரத்துக்கு ஒருமுறை எங்களுக்குக் கிடைத்த ஆடம்பரம் அது. பதினொரு மணிக்குள் தங்கை சுவர்ப் பக்கம் திரும்பி, முழங்காலை வயிற்றோடு கட்டிக்கொண்டு படுத்துவிடுவாள். வாந்தி, பேதி. திங்கட்கிழமை முகம் காகிதம் மாதிரி இருக்கும். வியாழக்கிழமைக்குள் கொஞ்சம் ரத்தம் ஏறும். மறுபடி ஞாயிறு வரும்.

ரொட்டியை யாருமே நினைக்கவில்லை. நாங்கள் எல்லோரும்தானே அதைச் சாப்பிட்டோம்? அம்மாவுக்கு வேறொன்று தோன்றியது. ஒருநாள் மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு அவளிடம் மெதுவாகக் கேட்டதை நான் முற்றத்திலிருந்து கேட்டேன்.

"பாவசங்கீர்த்தனத்துல எதையாவது சொல்லாம விட்டுட்டியா கண்ணு? சாமியார்கிட்ட சொல்ல முடியாட்டி என்கிட்ட சொல்லு. நன்மை வாங்கின அன்னிக்குத்தானே உனக்கு இப்படி ஆகுது?"

"என்கிட்ட என்னம்மா இருக்கு சொல்றதுக்கு?" என்று தங்கை அழுதாள்.

வீட்டுக்காரம்மா முன்பகுதியில் இருந்தாள். காற்று பட்டிருக்கிறது, அல்லது யாரோ நஜர், அதாவது கண்ணேறு, வைத்திருக்கிறார்கள், தர்காவுக்குக் கூட்டிப் போங்கள் என்றாள். அம்மா போகவில்லை. ஆனால் குருத்தோலை ஞாயிறன்று கோவிலில் மந்திரித்துக் கொடுத்த ஓலையை எடுத்துத் தங்கையின் கட்டிலுக்கு மேலே ஆணியில் செருகினாள். அந்த ஓலை காய்ந்து, மின்விசிறிக் காற்றில் சரசரவென்று சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும்.

நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவள். பட்டான்செருவில் ஒரு சிறிய மருந்துக் கம்பெனியில் சோதனை அறையில் வேலை. செகந்திராபாத்திலிருந்து கம்பெனி வேனில் ஒன்றரை மணி நேரம் போகவேண்டும். நாங்கள் செய்த மருந்துகளில் பாதி ஜீரண மருந்துகள், அதாவது சாப்பாட்டுக்குப் பின் குடிக்கிற டானிக்கும் மாத்திரையும். அவற்றுக்கு வேண்டிய டயாஸ்டேஸ் என்கிற என்சைம் பவுடர் வேறொரு இடத்திலிருந்து டிரம்மில் வரும். வெளிறிய மஞ்சள் நிறம், புளித்த தானிய வாசனை. ஒவ்வொரு டிரம்மிலிருந்தும் கொஞ்சம் எடுத்து அதற்கு எவ்வளவு சக்தி என்று பார்ப்பது என் வேலை.

அந்தச் சோதனை எனக்குப் பிடிக்கும். மாவுக் கஞ்சியில் அயோடின் சொட்டு விட்டால் மசி மாதிரி கருநீலமாகும். அதில் இந்தப் பவுடரைக் கரைத்து ஊற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் குழாயை நிறுத்திவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். நீலம் ஊதாவாகும், பழுப்பாகும், பிறகு ஒன்றுமில்லாமல் தெளிந்துவிடும். யாரும் தொடாமல், கலக்காமல், கண்ணெதிரே மாவு காணாமல் போகும். முதல் மாதம் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கழுத்தில் புல்லரிக்கும்.

தங்கைக்கு இல்லாதது இதுதான் என்று ஒருநாள் எனக்குத் தோன்றியது. அவள் வயிற்றில் இந்தச் சக்தி குறைந்துவிட்டது, அதனால்தான் தின்றது ஒட்டவில்லை. கொடுத்தால் சரியாகிவிடும். சோதனை முடிந்து மிச்சமாகும் சாம்பிள் பவுடரைக் கொட்டிவிடுவதுதான் வழக்கம். கொட்டாமல் ஒரு ஃபிலிம் ரோல் டப்பாவில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

முதல் தடவை மறைக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அம்மா அவளுக்கு அரிசிக் கஞ்சி காய்ச்சி, கெட்டியாக, கரண்டி நிற்கும் பதத்தில் வைத்திருந்தாள். சூடு அதிகமாக இருந்தால் பவுடர் செத்துவிடும் என்று எனக்குத் தெரியும். ஆறவிட்டு, கால் ஸ்பூன் தூவிக் கலக்கி, கிண்ணத்தைத் தங்கை முன்னால் வைத்தேன்.

"இது எங்க கம்பெனி மருந்து. கலந்து வெச்சிருக்கேன், சாப்பிடு" என்றேன்.

அவள் முகம் கழுவிவிட்டு வர எழுந்து போனாள். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். திரும்பி வந்து கரண்டியை எடுத்தபோது கரண்டி கிண்ணத்தின் ஓரத்தில் சாய்ந்து கிடந்தது. கஞ்சி இல்லை. கலங்கிய தண்ணீர் இருந்தது.

"அம்மா, கஞ்சியை யாரு எடுத்தது?"

அம்மா வந்து பார்த்தாள். யாரும் எடுக்கவில்லை. கிண்ணத்தில் அளவு குறையவில்லை. அம்மா கரண்டியால் அள்ளி மேலிருந்து ஊற்றினாள். வடிநீர் மாதிரி ஒழுகியது. நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"இனிக்குது" என்றாள். அவள் குரல் மாறிவிட்டது.

நான் விளக்கினேன். மாவைப் பவுடர் சர்க்கரையாக்கிவிட்டது, வயிற்றில் நடக்கவேண்டியது கிண்ணத்திலேயே நடந்துவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை என்றேன். அவர்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஆனால் தங்கையின் கண் கிண்ணத்திலிருந்து நகரவில்லை.

"எனக்கு முன்னாடியே சாப்பிட்டிருச்சு" என்றாள். "உள்ள இருக்கிறது இப்ப வெளியவே வந்திருச்சு."

அம்மா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கச் சாக்கடையில் கொட்டினாள். கிண்ணத்தை மூன்று தடவை கழுவினாள். "இந்த வேலையெல்லாம் வீட்டுக்குள்ள வேணாம்" என்று மட்டும் சொன்னாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. எனக்குப் படிப்பு இருந்தது, அவர்களுக்குப் பயம் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்தேன். சாயங்காலம் மோர் கடைவது என் பொறுப்பு. நால்வருக்கும் ஊற்றுவேன். தங்கையின் தம்ளரில் மட்டும் கால் ஸ்பூன் பவுடர். மோர் ஏற்கெனவே நீர்த்தது என்பதால் அதில் மாற்றம் ஒன்றும் தெரியாது. லேசாக ஒரு வாடை வரும். பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்டால் அதுவும் அடங்கிவிடும்.

நான்கு மாதம் கொடுத்தேன். முதலில் வயிறு உப்புவது குறைந்த மாதிரி இருந்தது, அல்லது அப்படி நம்ப ஆசைப்பட்டேன். பிறகு எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமை மாதிரி ஆகிவிட்டது. தலைமுடி சீப்போடு வந்தது. வாயின் ஓரங்கள் வெடித்தன. ஒருநாள் கல்லூரிப் படிக்கட்டில் மயங்கி விழுந்தாள்.

ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே ஒரு லேடி டாக்டர், ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். நகத்தைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு வாரத்தில் அவள் சாப்பிட்டதையெல்லாம் சொல்லச் சொன்னார். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ரொட்டி, பிஸ்கட், ரவை உப்புமா, சப்பாத்தி. எழுதிய தாளில் சிலவற்றுக்குக் கீழே கோடு போட்டார்.

"கோதுமை சிலருடைய குடலுக்கு ஒத்துக்கறதில்ல" என்றார் இங்கிலீஷில். நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். "ஏன்னு சரியா யாருக்கும் தெரியாது. கோதுமை, மைதா, ரவை, எல்லாத்தையும் நிறுத்திப் பார்ப்போம். இரும்புச்சத்து மாத்திரையும் வைட்டமினும் தர்றேன்." அப்புறம் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்: "வேற ஏதாவது மருந்து வீட்டுல குடுக்கிறீங்களா?"

அம்மா என் பக்கத்தில் இருந்தாள். தங்கை கட்டிலில் இருந்தாள்.

"இல்ல டாக்டர்" என்றேன்.

அந்த இரண்டு வார்த்தையை எவ்வளவு சாதாரணமாகச் சொன்னேன் என்பது எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் சோறும் தயிரும் வாழைப்பழமுமாக இருந்தாள். அங்கே நர்ஸுகள் கண் முன்னால் நான் எதுவும் கலக்க முடியவில்லை. பத்தாம் நாள் கன்னத்தில் சதை தெரிந்தது. பதினைந்தாம் நாள் "போதும்" என்று சொல்லித் தட்டைத் தள்ளினாள். எங்கள் வீட்டில் பல மாதமாக யாரும் கேட்காத வார்த்தை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

வீட்டில் கோதுமை மாவு டப்பாவைக் காலி செய்தோம். அப்பா பங்குச் சாமியாரிடம் போய்ப் பேசினார். அவர் வயதானவர். சற்று யோசித்துவிட்டு, பூசை முடிந்ததும் அவளை உள்ளறைக்கு அனுப்பச் சொன்னார். அங்கே கரண்டியில் மூன்று சொட்டு திராட்சரசம் கொடுத்தார். மற்றவர்கள் நன்மை வாங்க வரிசையில் போகும்போது அவள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். பின்வரிசைப் பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் கவலைப்படவில்லை.

நான் மட்டும் மோரை நிறுத்தவில்லை. டாக்டர் சொன்னது சரிதான், ஆனால் கெட்டுப்போன குடலுக்கு ஒரு துணை வேண்டாமா? வீட்டுக்கு வந்த மறுநாளே கால் ஸ்பூனை அரை ஸ்பூனாக்கினேன்.

பதினெட்டு நாளில் அவள் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப்போல எங்கள் வீட்டில் முன்னும் பின்னும் மோசமான காலம் இருந்ததில்லை. முன்பாவது ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு கணக்கு இருந்தது. இப்போது அதுவும் இல்லை. ரொட்டி இல்லை, ரவை இல்லை, பெருங்காயத்தில்கூட மாவு கலப்பார்கள் என்று யாரோ சொல்ல, அதையும் நிறுத்தினோம். அம்மா பாத்திரங்களுக்கெல்லாம் புதிதாக ஈயம் பூசவைத்தாள். கட்டிலை வேறு மூலைக்கு மாற்றினாள். சாமியார் வந்து அறையில் தீர்த்தம் தெளித்தார். அவர் போன சாயங்காலமே தங்கை வாந்தி எடுத்தாள். அப்பா வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே "இன்னிக்கு எப்படி?" என்று கேட்பார். பதில் வருவதற்குள் அவர் முகம் தயாராகியிருக்கும்.

அந்த நேரத்தில்தான் திருச்சியில் சித்தி மகள் கல்யாணத்துக்கு நான் மட்டும் போய்வந்தேன். பன்னிரண்டு நாள். திரும்பி வந்து கேட்டைத் திறந்தால், தங்கை வீட்டுக்காரம்மாவின் மல்லிகைக் கொடியில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று பூப் பறித்துக்கொண்டிருந்தாள். உதட்டில் நிறம் இருந்தது.

"ஏய், நல்லாயிருக்கியாடி?"

"ஹவ் அக்கா!" என்று ஊர் உருதுவில் ஆமாம் போட்டாள். "நேத்து நானே துணி துவைச்சேன், தெரியுமா?"

சந்தோஷமாகத்தான் இருந்தது. அது பொய்யில்லை. ஆனால் சந்தோஷத்துக்குள் சிறிதாக இன்னொன்றும் இருந்தது. நான் இல்லாமல், என் மருந்து இல்லாமல் இவள் எப்படி எழுந்தாள் என்ற எரிச்சல். அன்று சாயங்காலம் மோர் கடைந்தபோது அவள் தம்ளரில் ஸ்பூன் நிறையப் பவுடரைப் போட்டேன். இப்போதுதான் உடம்பு மருந்தை ஏற்கும் பதத்தில் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாலாம் நாள் படுத்துவிட்டாள்.

அம்மா அப்போது என்னை ஒரு தடவை பார்த்தாள். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு, ஏதோ வழி கேட்க வந்த அந்நியப் பெண்ணைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். மறுநாளிலிருந்து தங்கையின் தட்டை மூடி போட்டு மூடி, என் முன்னால் கொண்டுபோகாமல், முற்றத்தைச் சுற்றி எடுத்துப் போனாள். இரண்டு நாள் கழித்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"கொஞ்ச நாளைக்கு நீ முன்னறையில படுத்துக்க. அவ பக்கத்துல வேணாம்."

"ஏம்மா?"

"சும்மாதான். நீ ஊருல இருந்தப்ப அவ நல்லா இருந்தா."

வீட்டுக்காரம்மா சொன்ன நஜர் இதுதானென்று அம்மா முடிவு செய்துவிட்டாள். வேலைக்குப் போகிற, இருபத்து நான்கு வயதாகியும் வரன் அமையாத அக்கா. நிறமாக, நீண்ட கூந்தலோடு வளர்ந்து நின்ற தங்கை. என் கண்தான் அவளைத் தின்கிறது.

கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. ஏனென்றால் எனக்கே சந்தேகமாக இருந்தது. அவள் சாப்பிடும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தேன். தலை வாரும்போது கண்ணாடியில் என் கண்ணைப் பார்க்கத் தயங்கினேன். பவுடரில் அளைந்து அளைந்து என் விரல் நுனிகளில் தோல் உரிந்து மழமழவென்று ஆகியிருந்தது. எதைத் தொட்டாலும் கை என்னுடையது மாதிரி இருக்காது. தங்கையே ஒருநாள் சொன்னாள், வாசற்படியில் நின்று, உள்ளே வராமல்.

"கோச்சுக்காத அக்கா. நீ வேலைவிட்டு வந்து கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டாலே என் வயித்துல ஏதோ திரும்பிப் படுக்குது."

அன்றும் மோர் கொடுத்தேன். என் கண்ணில் ஏதாவது கெடுதல் இருந்தால், அதைத் தடுக்க என் கையிலிருக்கும் இந்த மருந்து ஒன்றுதான் இருக்கிறது என்று நம்பினேன். மோரை மட்டும் அம்மா தடுக்கவில்லை. எல்லோரும் ஒரே பாத்திரத்திலிருந்து குடித்தது அவளுக்குத் தெரியும்.

அந்த வருடம் மழைக்கு முன்னால் ஒரு டிரம் பவுடர் சக்தி குறைவாக வந்தது. நேரில் போய்ப் புதுச் சாம்பிள் எடுத்துவரச் சொல்லி சூப்பர்வைசர் என்னை வேனில் அனுப்பினார். பட்டான்செருவைத் தாண்டி, சோளக்கொல்லைகளுக்கு நடுவில் ஒரு நீண்ட ஷெட். ஜன்னல்களில் எல்லாம் நனைத்த கோணிச்சாக்கு தொங்கியது. அங்கிருந்த மேஸ்திரி நரைத்த மீசைக்காரர், தெலுங்கும் உருதுவும் கலந்து பேசுவார். பவுடர் காய்கிறது, பத்து நிமிடம் ஆகும், வேண்டுமானால் உள்ளே வந்து பாருங்கள் என்றார்.

கோணியை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். பகல் பன்னிரண்டு மணி, ஆனால் உள்ளே இருட்டு. காற்று ஈரமாக, சூடாக, ஒருவர் முகத்துக்கு நேராக மூச்சு விடுவதுபோல் இருந்தது. கண் பழகியதும் தட்டுகள் தெரிந்தன. தரையிலிருந்து கூரைவரை அடுக்கடுக்காக மூங்கில் தட்டுகள். ஒவ்வொன்றிலும் புட்டு மாதிரி ஏதோ பரப்பியிருந்தது. அதன்மேல் பசுமஞ்சளாக, மென்மையாக, பூனைக்குட்டி முதுகு மாதிரி ரோமம் முளைத்திருந்தது.

"பூஞ்சைக்காளான்" என்றார் மேஸ்திரி. "இதுதான் உங்க பவுடரைச் செய்யுது. கை வெச்சுப் பாருங்கம்மா."

தட்டுக்கு மேலே கையைப் பிடித்தேன். ஜுரக்காரி நெற்றி மாதிரி கொதித்தது. அடுப்பு இல்லை, குழாய் இல்லை. அந்த ரோமமே விடுகிற சூடு அது. அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இல்லை என்று உடம்புக்குத் தெரிந்தது. நூற்றுக்கணக்கான தட்டுகளிலும் ஏதோ ஒன்று சத்தமில்லாமல் தின்றுகொண்டிருந்தது. வாசனை எனக்குப் பழக்கமானது. எங்கள் வீட்டில், தங்கை குடித்துவிட்டு வைக்கும் தம்ளரின் அடியில் வரும் வாசனை.

"அடியில இருக்கிறது என்ன?" என்று கேட்டேன்.

"கோதுமைத் தவிடு. வேற எதுலயும் இதுக்கு இவ்வளவு நல்லா பிடிக்காது."

நான் கையை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை.

"பவுடர்ல தவிடு வருமா?"

"வடிகட்டுவோமே. கொஞ்சம் இருக்கும், போகும். பவர் ஜாஸ்தியா வந்த பவுடரை மட்டும் மைதா கலந்து சமன் பண்ணுவோம்" என்று மூலையைக் காட்டினார். சுவரோரம் மைதா மூட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன.

வெளியே வந்து சோளக்கொல்லை ஓரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். அறையின் புழுக்கம் என்று நினைத்து மேஸ்திரி சோடா வாங்கி வரச் சொன்னார்.

அன்று வேலைக்குத் திரும்பவில்லை. பஸ் மாறி மாறி மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். அன்று ஒர்க்‌ஷாப்பில் விடுமுறை, அப்பா சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். தங்கை கட்டிலில். கேட் திறந்த சத்தம் கேட்டு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. நான் கைப்பையிலிருந்து ஃபிலிம் டப்பாவை எடுத்து அம்மாவின் முறத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மோர், டாக்டரிடம் சொன்ன பொய், தவிடு, மைதா, எதையும் விடவில்லை.

அப்பா எழுந்து நின்று எண்ணெய்க் கையோடு என்னையே பார்த்தார். அம்மா நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு, சத்தம் போட்டு அழ ஆரம்பித்தாள். என்னை இழுத்து என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"அப்ப நீ இல்லடி. நீ இல்ல. பவுடர்தான். மாதாவே, என் பொண்ணைப் போய் நான் என்னென்னமோ நினைச்சேனே..."

தங்கை கட்டிலைவிட்டு இறங்கி நிலைப்படியில் வந்து நின்றாள்.

"எத்தனை நாளாக் குடுத்த?"

"பதினோரு மாசம். நடுவுல ஆஸ்பத்திரி, அப்புறம் நான் ஊருக்குப் போன நாள் போக."

அவள் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள், கோபமில்லாமல், ஒரு தகவலைத் திருத்துவதுபோல.

"இல்லம்மா. அவதான்."

மறுநாள் நானே டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் நான் பேசி முடிக்கும்வரை கேட்டார். "அன்னிக்கே கேட்டேனே" என்றார், அதற்குமேல் என்னைத் திட்டவில்லை. தங்கையின் தாளில் ஏதோ எழுதிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

ஆறு வாரத்தில் அவள் எழுந்து நடமாடினாள். அடுத்த வருடம் தவறிப்போன பரீட்சைகளை எழுதினாள். டெய்லர் ரவிக்கைகளைப் பிரித்து விட்டுக் கொடுத்தார். அம்மா என்னை மறுபடி அவள் அறையில் படுக்கச் சொன்னாள், நான்தான் முன்னறையிலேயே இருந்துகொண்டேன். அந்த வேலையில் இன்னும் இரண்டு வருடம் இருந்தேன், கையுறை போட்டுக்கொண்டு. நீலம் மறைவதைப் பார்க்கும்போது கடிகாரத்தை மட்டும் பார்ப்பேன்.

அம்மாவின் மனசுக்குள் இருந்தது பவுடரோடு முழுசாகப் போய்விட்டதா என்று எனக்குத் தெரியாது. தங்கைக்குக் குழந்தை பிறந்து நான் பார்க்கப் போனபோது, குழந்தையை என் மடியில் வைத்த அம்மா, அடுத்த நிமிடம் ஏதோ சாக்குச் சொல்லி எடுத்துக்கொண்டாள். அந்தக் குழந்தையின் கன்னத்தில் மை சற்றுப் பெரிதாகவே இருந்தது.

தங்கை இப்போது லோத்குண்டாவில் இருக்கிறாள். ஸ்கூல் டீச்சர். நன்றாகப் பருத்துவிட்டாள், வாய்விட்டுச் சிரிப்பாள். என்னோடு மனஸ்தாபம் ஒன்றும் கிடையாது. பண்டிகைக்கு வருவாள், என் பிள்ளைகளுக்குத் துணி எடுத்துக்கொண்டு வருவாள், கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் பேசுவாள். ஆனால் வரும்போது பையில் தன் டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலும் இருக்கும். நான் ஊற்றிக் கொடுத்த எதையும் அவள் குடித்து நான் பார்த்ததில்லை. தோலோடு இருப்பதை மட்டும் வாங்கிக்கொள்வாள்.

போன முறை சீத்தாப்பழக் காலம். ஒரு பழத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். அவள் அதைக் கையில் எடுத்து, சுற்றிலும் திருப்பி, எங்காவது பிளந்திருக்கிறதா என்று பார்த்தாள். பார்த்ததை நானும் பார்க்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். பிறகு இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியை எனக்குக் கொடுத்துவிட்டு, நான் வாயில் வைக்கும்வரை பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.